முதல் வீட்டுக் குள்ளன்

காலை ஏழு மணிக்கு ஏற்றமணி அடித்தது. பிலோமினா அரிசிப் பானையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள், பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள், அடுப்பை மேடைமேல் ஏற்றினாள். சங்குத் தெருவில் எல்லோரும் இதைப் பாதித் தூக்கத்திலேயே செய்து முடித்துவிடுவார்கள். கடல் வந்து மூன்று படிகளை நனைத்துவிட்டு ஒன்பதுக்குள் திரும்பிவிடும். சில நாள் வீட்டுக்குள்ளேயும் வரும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் இருபத்துமூன்று வாசலிலும் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. மடியில் பலகை, கையில் தூரிகை, வாயில் பேச்சில்லை. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூர்செய்வதால் இந்த ஒரு வாரம் மட்டும் சங்குத் தெருக்காரர்களின் உதடு நீலமும் செம்மண் நிறமுமாக இருக்கும். வலை பின்னுகிறவர்கள், கடற்பாசி மிதவையில் வேலை பார்ப்பவர்கள், குடிநீர் ஆலை இயந்திரங்களுக்குக் காவலிருப்பவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே வேலைதான். கட்டைவிரல் உயரக் குள்ளன் ஒருவனுக்கு வண்ணம் பூசுவது.

குள்ளன் என்றால் சாதாரணக் குள்ளன் இல்லை. தொப்பை வரை தாடி, தலையில் இரும்புத் தொப்பி, தோளில் கோடரி, இடுப்பில் பதினோரு ஆணி வைத்த கச்சை. அந்தக் காலத்துப் பலகை விளையாட்டுக்காரர்கள் மேசையில் போர் நடத்த வைத்திருந்த பொம்மை. கடலோரத் தெருக்களுக்குப் பொறுப்பான கரை வாரியத்தில் கொள்முதல் பார்த்த எழுத்தர் ஒருவருக்கு அந்த விளையாட்டில் பைத்தியம். அவரிடம் அச்சு இருந்தது. அதனால் கடற்கரை முழுக்கக் குள்ளனே சட்டமாகிவிட்டான். எங்களுக்கு வேறு உருவம் வேண்டும் என்று நான்கு ஊர்கள் விண்ணப்பித்திருக்கின்றன. கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

பிலோமினாவின் அலமாரியில் ஏற்கெனவே ஒரு குள்ளன் நின்றான். தாடியில் இழை இழையாகச் செம்பு மின்னும், கோடரி விளிம்பில் ஒரு மயிரளவு வெள்ளிக்கோடு ஓடும். ஐந்து வருடத்துக்கு முன்னால் தெரு தன் வீடுகளைக் காக்க ஆடிய களத்துக்காக அவள் புருஷன் கஸ்பார் பூசியது. அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கஸ்பார் மூன்று வருடத்துக்கு முன்னால் மேட்டு நகர் அடுக்ககத்துக்குக் குடிபோய்விட்டான். வீட்டை வாரியத்திடம் கொடுத்துவிட்டு நீயும் வா என்றான். அவள் போகவில்லை. இந்த வீட்டில் குடியிருப்பவர் கையால் பூசியது அல்ல என்பதால், அந்த அழகான குள்ளன் இப்போது சட்டப்படி வெறும் பொம்மை.

அவளுடைய குள்ளன் பலகையில் ஒரு தக்கைமேல் ஒட்டி நின்றான். பார்க்கச் சகிக்கவில்லை. பிலோமினாவின் வலக்கையில் நடுவிரல்கள் மூன்றுக்கும் நுனி கிடையாது. மிதவை இழுவைக் கயிறு கொண்டுபோனது. அதனால் இடக்கையால் பூசினாள். இடக்கைக்கு அவள் சொன்னதைக் கேட்கும் புத்தி இன்னும் வரவில்லை.

இரண்டாம் வீட்டுச் செலின் எட்டிப் பார்த்தாள். தெருவிலேயே நல்ல கைக்காரி அவள்தான். எதைப் பார்த்தாலும் சரிசெய்யாமல் இருக்க முடியாத பிறவி.

"ஏட்டி, பெயிண்டை இப்படிக் கூழாட்டம் வச்சிருந்தா குள்ளனுக்கு மூஞ்சியே இருக்காது. தண்ணி ஊத்து."

"ஊத்துனா ஓடுதுக்கா."

"ஓடத்தான் செய்யும். ரெண்டு தரம் பூசு, மூணு தரம் பூசு. ஒரே கொதியில சோறு வெந்துருமா?" குனிந்து இன்னும் கிட்டே பார்த்தாள். "இது என்னட்டி, ஒரு கண்ணு கோயிலப் பாக்கு, ஒரு கண்ணு கடலப் பாக்கு?"

"பாக்கட்டும். நம்ம தெருவுக்கு ரெண்டும் வேணும்லா."

செலின் சிரித்துவிட்டாள். ஆனால் அவள் விரல்கள் சும்மா இருக்கவில்லை. சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே போனாள்.

வெளியூர்க்காரர்கள் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. கடல் ஏறத் தொடங்கிய காலத்தில், எந்தத் தெருவைக் காப்பது, எதைக் கடலுக்கு விடுவது என்று வாரியம் மக்களிடம்தான் கேட்டது. முப்பது வீடு இருந்த ஒரு தெருவிலிருந்து நாற்பதாயிரம் பேர், எங்கள் வீடுகளை இடித்ததற்கு நன்றி என்று முகம் காட்டி, குரல் கொடுத்து, கைரேகை வைத்து அனுப்பியிருந்தார்கள். முகம், குரல், ரேகை எல்லாம் சுத்தமாகச் சரியாக இருந்தன. ஆட்கள்தான் இல்லை. அந்தப் போலி ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு இதில் விருப்பம் உண்டு என்பதற்கு ஒரே சாட்சியாகக் கைவண்ணத்தை வைத்தார்கள். அலுவலர் முன்னால் வெள்ளை அட்டையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு தூரிகைநோக்கி என்ற கருவி குள்ளன்மேல் படிந்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் படித்து, அந்தக் கோட்டை இழுத்த கைதான் இதையும் பூசியதா என்று சொல்லும்.

அதோடு முடியவில்லை. எந்தத் தெரு தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வாரியத்தின் கணிப்பானை வாதத்தில் எவராலும் ஜெயிக்க முடிந்ததில்லை. மனிதருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று பகடையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தெரு களமிறங்கலாம். வீட்டுக்கு ஒரு குள்ளன், ஆறு அலை. கடைசி வரை விழாமல் நிற்கும் ஒவ்வொரு குள்ளனின் வீடும் நிற்கும். விழுந்தவனின் வீடு கடலுக்கு. ஒரு வீட்டுக் குள்ளன் குறைந்தாலும், அரைகுறையாகப் பூசியிருந்தாலும், அதைத் தெருவென்றே கணக்கில் எடுக்கமாட்டார்கள். களமே கிடையாது. இருபத்துமூன்று வீடும் சேர்ந்து போகும்.

தெருத் தலைவர் இருதயராஜ் இதைத்தான் ஏழு நாளும் அவளிடம் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பிலோமினாவுக்கு அது புரியாமலும் இல்லை. அந்தக் கோணல் கண்ணுக் குள்ளன்மேல்தான் தெருவே நின்றது.

ஏழாம் நாள் ஏற்றம் மதியம் ஒரு மணிக்கு. அதற்குள் களம் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. வாரிய அலுவலர் நீலகண்டன் ஒன்பது மணிக்கே வந்து கோயில் தாழ்வாரத்தில் மேசை போட்டார். ஒல்லியான மனிதர். படகு ஏறி வந்ததில் முகம் வெளிறியிருந்தது.

முதல் வீடு என்பதால் பிலோமினாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அட்டையில் கோடு இழுத்தாள். அலுவலர் குள்ளனைக் கருவிக்குள் வைத்தார். அது கொஞ்ச நேரம் முனகியது. திரையில் எழுத்து வந்தது. கை: 2.

"அம்மா, இதுல இன்னொருத்தர் கை இருக்கு" என்றார் நீலகண்டன்.

"இருக்காதுங்க. நாந்தான் பூசினேன். இந்தக் கையாலதான்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். குள்ளனின் உடம்பெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. கண்கள் இரண்டும் மட்டும் சிவப்பு. பிலோமினா குனிந்து தன் குள்ளனை உற்றுப் பார்த்தாள். கண்கள் நேராக இருந்தன. சின்ன வெள்ளை, நடுவில் ஊசிமுனைக் கறுப்பு, அத்தனை அழகு. அந்த அழகைப் பார்த்ததும் அவள் திரும்பிச் செலினைத் தேடினாள்.

கூட்டத்தில் செலின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து நீ பாசி அலசப் போயிருந்தப்ப... கண்ணு மட்டுந்தாம்மா. ரெண்டே பொட்டு. கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்க மாட்டமா, அந்த நெனப்புல கை போயிருச்சு."

அந்தத் தெருவில் பிறந்த எவரும் அதைச் செய்திருப்பார்கள். டிசம்பரில் வீட்டுக்கு வீடு குடில் கட்டும்போது, பக்கத்து வீட்டு இடையன் பொம்மைக்கு மூக்கு உதிர்ந்திருந்தால் கேட்காமலே ஒட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வீட்டு ஒட்டகத்துக்குச் சாயம் போயிருந்தால் போகிற போக்கில் ஒரு பூச்சு. யார் செய்தது என்று கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. இத்தனை வருடப் பழக்கம் இன்று வந்து கழுத்தைப் பிடித்தது.

"இப்ப என்ன செய்யணும் சார்?" என்றார் இருதயராஜ்.

"மொத்தத்தையும் கழுவிட்டு, ஏற்றமணிக்குள்ள முதல்ல இருந்து பூசணும். இல்லைன்னா ஏற்கெனவே பூசின குள்ளன் இருந்தா, அதைப் பூசினவர் வந்து அந்த வீட்டுல குடியிருக்கறதா பதிவு பண்ணிக் கோடு இழுத்தா, அதை வைக்கலாம்."

எல்லோர் கண்ணும் பிலோமினா வீட்டுப் பக்கம் போய்வந்தன. அங்கே அலமாரியில் கஸ்பாரின் குள்ளன் நின்றுகொண்டிருந்தான்.

"தாயி," இருதயராஜ் மெல்ல ஆரம்பித்தார், "கஸ்பார் வந்து ஒரு கோடு இழுத்தாப் போதும். மேட்டு ரயிலு மூணு மணி நேரம். இப்பக் கூப்பிட்டாத்தான் வந்து சேருவான்."

"வந்து கோடு இழுத்தா வீடு யாருக்கு அண்ணாச்சி?"

அவர் நீலகண்டனைப் பார்த்தார். நீலகண்டன் தொண்டையைச் செருமினார். "ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். அடுத்த களம் வரைக்கும் வீடு அவரோடது. அவர் விரும்பினா வாரியத்துக்கிட்ட ஒப்படைக்கலாம்."

அவன் ஒப்படைத்துவிடுவான் என்பது தெருவுக்கே தெரியும். பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. கஸ்பார் மேலோ செலின் மேலோ இல்லை. தன் வீட்டில் தான் இருப்பதற்கு இன்னொருவர் வந்து கோடு இழுக்க வேண்டும் என்கிற அந்த ஏற்பாட்டின்மேல் வந்த கோபம் அது. ஆனாலும் இருபத்திரண்டு வீட்டைப் பணயம் வைக்க அவளுக்கு உரிமை இல்லை.

"கூப்பிடுங்க அண்ணாச்சி. அவரு வரட்டும். அவரு வந்து சேருமுன்ன நான் முடிச்சிருதேன்."

கோயில் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குள்ளனை அதற்குள் போட்டாள். ஏழு நாள் வேலை அரைமணி நேரத்தில் சேறாகக் கரைந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். சாம்பல் நிற அடிப்பூச்சைப் பூசி வெயிலில் வைத்தாள். அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை.

தக்கை ஊறிப் பிய்ந்துபோயிருந்தது. வேறு தேட நேரமில்லை. குள்ளனின் காலடித் தட்டை வலக்கையில் நுனியில்லாத மூன்று விரல்களுக்கு நடுவில் செருகிப் பார்த்தாள். மொண்ணை விரல்கள் இடுக்கி போல் பிடித்துக்கொண்டன. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அழுத்தி முழங்கையை மேசையில் ஊன்றினாள். கை ஆடினால் குள்ளனும் சேர்ந்தே ஆடினான். அதனால் தூரிகை தடம் மாறவில்லை. ஏழு நாளாக இதைக் கண்டுபிடிக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முகத்துக்குச் செம்மண், தாடிக்கு நரை, சட்டைக்கு நீலம். தண்ணீராகக் கலந்து, ஒன்று காயும்போது இன்னொன்று. பிறகு நிழல்நீர் என்று அவர்கள் சொல்லும் கறுப்புக் கரைசலைத் தாடிக்குள் ஓடவிட்டாள். அது பள்ளம் பார்த்துத் தானே இறங்கித் தங்கியது. செலின் நாலடி தள்ளி இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"பிலோ, கச்சையில மூணாவது ஆணி..."

"பேசாதக்கா."

"இல்லட்டி, சாம்பல் தெரியுதே."

"வாயால சொல்லு. கையை அங்கயே வையி."

மற்ற இருபத்திரண்டு குள்ளர்களும் சோதனை முடிந்து தேறினார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குக் கஸ்பார் முழங்கால் வரை நனைந்து கோயில் படியேறி வந்தான். கையில் கடலோரத்துக்குப் பொருந்தாத மேட்டு நகர்ச் செருப்பு. பிலோமினா நிமிரவில்லை. இன்னும் கண் பாக்கி இருந்தது.

"எதுக்கு இந்த வீம்பு?" என்றான். குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அட்டையைக் குடுங்க சார், போட்டுருதேன்."

"இன்னும் மணி அடிக்கல" என்றாள் அவள்.

நீலகண்டன் நீட்டிய அட்டையைத் தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டார்.

வெள்ளை வைத்தாள். ஒரு கண்ணில் சரியாக உட்கார்ந்தது, மறு கண்ணில் புருவத்தில் ஏறியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். கறுப்புக்குத் தூரிகையை உதட்டில் கூர்செய்து, மூச்சைப் பிடித்து, ஒன்று, இரண்டு. ஒரு கண் கோயிலைப் பார்த்தது. ஒரு கண் கடலைப் பார்த்தது. அவள் அதற்குமேல் தொடவில்லை.

கருவி முனகியது.

கை: 1.

ஏற்றமணி அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. தெரு போட்ட கூச்சலில் நீலகண்டன் காதைப் பொத்திக்கொண்டார். சிரித்தது மாதிரியும் இருந்தது.

மேசையில் கட்டம் போட்ட பலகையை விரித்தார்கள். இருதயராஜ் அவள் குள்ளனைக் கையில் எடுக்கவில்லை, பக்கத்தில் வந்து கேட்டார். "பின்வரிசையில வைப்பமா தாயி? இவ்வளவு பாடுபட்டுட்ட."

"முதல் வீடுல்லா அண்ணாச்சி. முன்னாலதான் நிக்கணும்."

சங்குத் தெருவில் யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிவதில்லை. வீடு இருக்கிற வரிசைதான் களத்திலும் வரிசை. அவளே அவனைக் கடலோரக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அலுவலர் உருட்டும் பகடை, அலை எந்தக் கட்டத்தில் ஏறும் என்று காட்டும். அங்கே நிற்கும் குள்ளனுக்கு வீட்டுக்காரர் உருட்ட வேண்டும். மூன்றுக்கு மேல் விழுந்தால் நிற்பான். பக்கத்துக் கட்டத்தில் ஒருவன் தோள் கொடுத்து நின்றால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தோள் கொடுத்தவனும் அந்த அலைக்குத் தனியாக உருட்டியாக வேண்டும். அவனுக்கு யாரும் கூட்டித் தரமாட்டார்கள்.

முதல் ஐந்து அலையில் இரண்டு காலிக் கட்டத்தில் வீணாயின. இரண்டைத் தெரு தாங்கியது. நான்காவது அலை பதினோராம் வீட்டைக் கொண்டுபோனது. அந்த வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஆறாவது அலை முதல் வீட்டில் ஏறியது.

பிலோமினா பகடையை எடுத்தாள். அவள் உருட்டுமுன் செலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். "என் குள்ளனை முன்னால தள்ளுங்க. அவகூட நிக்கட்டும்."

"யக்கா, வேண்டாம். தேவையில்ல."

"நேத்துக் கேக்காமச் செஞ்சேன். இன்னைக்குச் சொல்லிட்டுச் செய்யுதேன்."

விதியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. செலினின் குள்ளன் கோணல் கண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தெருவிலேயே அழகானவன் அவன்தான்.

பிலோமினா உருட்டினாள். மூன்று. ஒன்று கூட்ட நான்கு. நின்றான்.

செலின் உருட்டினாள். இரண்டு.

நீலகண்டன் செலினின் குள்ளனை இரண்டு விரலால் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். வேகமாகச் செய்திருக்கலாம், செய்யவில்லை. பிறகு நின்ற வீடுகளின் பெயர்களை வாசித்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் கஸ்பார் வீடு என்று எழுதியிருந்த முதல் வரியில் பிலோமினா என்று எழுதினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. செலினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வடிந்தது. செலின் ஒரு டிரங்குப் பெட்டியோடும் தூரிகைக் கட்டோடும் முதல் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முப்பது வருடமாகக் கேட்காமல் உள்ளே வந்தவள், இன்று வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா. ஒன் வீட்டுக்கு ஒன்னப் பத்திரிகை வச்சா அழைக்கணும்?"

"ஒன் வீடுட்டி இது. ஒங்கையில நின்ன வீடு."

"நீ தோள் குடுத்து நின்னுச்சு. நின்னுக்கிட்டு வழக்குப் பேசாத. பெட்டியைப் பரண்ல போடு, நாளைக்கு ரெண்டு மணிக்கு ஏற்றம்."

செலின் பெட்டியை வைத்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பிலோமினாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தபோது வெயில் சாய்ந்து அலமாரியில் விழுந்தது. அங்கே இரண்டு குள்ளர்கள் நின்றார்கள். செம்புத் தாடி மின்னும் கஸ்பாரின் குள்ளன், பக்கத்தில் கோணல் கண்ணன்.

செலின் கோணல் கண்ணனையே பார்த்தாள். வலக்கை விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. தானே பார்த்துவிட்டு, சட்டென்று அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பிலோமினா எழுந்துபோய் கஸ்பாரின் குள்ளனை எடுத்து வந்தாள். செலினின் தூரிகைக் கட்டைப் பிரித்து, மிக மெல்லியது ஒன்றை உருவி, இரண்டையும் அவள் மடியில் வைத்தாள்.

"ஒனக்குக் கை அரிச்சா இந்தா. இவனுக்கு என்ன வேணாலும் செய்யி. எந்தச் சட்டமும் கேக்காது."

செலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குள்ளனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வேலை. தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்செய்தாள், கறுப்பில் தொட்டாள். கஸ்பாரின் குள்ளனுக்கு ஒரு கண்ணைக் கோயில் பக்கமும், இன்னொரு கண்ணைக் கடல் பக்கமும் திருப்பிவிட்டாள்.